பழைய கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு: கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோ ஸ்டூடியோ, ஃபிளெக்ஸ் டிசைன் கடை, ஜெராக்ஸ் கடை, கேம் ஆடப் பிள்ளைகள் நச்சரிக்கும் வீடு என்று எல்லா இடத்திலிருந்தும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எந்தக் கேள்வியோடு வந்தாலும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி), கேபினட், மானிட்டர் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகுதான் கார்டின் பெயரைப் பேச வேண்டும். தலைகீழாகச் செய்பவர்களுக்குத்தான் பணம் வீணாகிறது.

என் சிஸ்டத்துல தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கா இல்லையான்னே தெரியல சார். எங்க பார்க்கணும்?

கேபினட்டின் பின்பக்கம் போய் மானிட்டர் கேபிள் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டு, யூஎஸ்பி, நெட் கேபிள் இருக்கும் அதே கூட்டத்தில் அதுவும் இருந்தால், படம் மதர்போர்டிலிருந்தோ பிராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸிலிருந்தோ வருகிறது. அதற்குக் கீழே, நீளவாக்கில் தகரப் பட்டைகள் வரிசையாக இருக்கும் பகுதியில் கேபிள் போனால் அது தனிக் கார்டு. சிஸ்டத்தைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

அதோட பேரை எப்படித் தெரிஞ்சுக்கிறது?

விண்டோஸ் 10, 11 என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் கடைசியாக ஜிபியு என்று இருக்கும். அதைத் தொட்டால் வலது மேல் மூலையில் பெயர் வரும். ரொம்பப் பழைய கார்டாக இருந்தால் அந்த வரியே இருக்காது. டிரைவர் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) பழசு என்பதுதான் காரணம். கார்டு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

அப்படி வராவிட்டாலும், விண்டோஸ் 7 ஆக இருந்தாலும், டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். இரண்டு பெயர் வந்தால் ஒன்று பிராசஸரில் உள்ளது, மற்றது தனிக் கார்டு. இன்னும் விவரம் வேண்டுமென்றால் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். மெமரி எந்த வகை, ஸ்லாட் என்ன வேகத்தில் ஓடுகிறது, சிப் எது என்று ஒரே ஜன்னலில் காட்டும். இந்த மென்பொருள் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

"மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு தான் காட்டுது. அது என்ன கார்டு?

அது கார்டின் பெயரே கிடையாது. டிரைவர் இல்லாததால் விண்டோஸ் தற்காலிகமாகப் படம் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரியில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் போய், பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' (VEN) என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் வரும் எண்தான் தயாரிப்பாளர்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். அதை அடுத்து 'டெவ்' (DEV) என்பதற்குப் பின்னால் வரும் நான்கு குறிகள் சிப்பின் அடையாளம். இரண்டையும் சேர்த்து இணையத்தில் தேடினால் மாடல் கிடைத்துவிடும்.

சிஸ்டம் ஆனே ஆகல. கார்டை கையில வெச்சுக்கிட்டு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். கார்டின் பின்பக்கம் பார்கோடுடன் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் எண் அதில்தான். ஃபேன் மேல் அச்சடித்திருக்கும் படத்தையும் பெரிய எழுத்தையும் நம்ப வேண்டாம், ஒரே மூடியைப் பல மாடல்களுக்குப் போடுவார்கள்.

போர்டில் அது உட்கார்ந்திருந்த ஸ்லாட்டையும் பாருங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்16 ஸ்லாட் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் நீளம், பின்பக்கத் தகட்டுக்கு நெருக்கமாகத் தொடங்கும். அதைவிடக் குட்டையாக, பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், தகட்டிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தால் அது ஏஜிபி. 2004க்குப் பிறகு மெல்ல மறைந்துபோன வகை அது. அந்தப் போர்டுக்கு இனி கார்டு தேடி அலையாதீர்கள்.

2 ஜிபி கார்டைவிட 4 ஜிபி கார்டு டபுள் ஸ்பீடு தானே?

இந்த ஒரு நம்பிக்கையால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜிபி என்பது கார்டு எவ்வளவு வைத்துக்கொள்ளும் என்பது மட்டுமே. எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை சிப்பும், மெமரியின் வகையும் தீர்மானிக்கின்றன. 4 ஜிபி டிடிஆர்3 போட்ட சாதாரணக் கார்டை, 2 ஜிபி ஜிடிடிஆர்5 உள்ள ஜிடிஎக்ஸ் 750 டிஐ சுலபமாக முந்திவிடும்.

ஒரே பெயரிலேயே வித்தியாசம் உண்டு. ஜிடி 1030 இரண்டு வகையாக வருகிறது. ஜிடிடிஆர்5 போட்டதில் மெமரி நொடிக்கு 48 ஜிபி நகர்த்தும். டிடிஆர்4 போட்டதில் வெறும் 16.8 ஜிபி. பெட்டியில் பெயர் ஒன்றுதான். கடையில் பெட்டியைத் திருப்பி மெமரி வகையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

டேலி, ஜிஎஸ்டி ஃபைலிங், ஆன்லைன் அப்ளிகேஷன் வேலைதான். கார்டு போட்டா சிஸ்டம் ஸ்பீடாகுமா?

ஆகாது. இந்த வேலைகளுக்குப் பிராசஸரில் இருக்கும் கிராஃபிக்ஸே தாராளம். அந்தப் பணத்தில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். முக்கால்வாசி ஜெராக்ஸ் கடை சிஸ்டத்துக்கு மருந்து இதுதான்.

யூடியூப்ல 1080 வெச்சா திக்குது. அதுக்கும் கார்டு வேணாமா?

இதற்கு ஓரளவு வேண்டும். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வீடியோ அனுப்புகிறது. ஐந்தாம் தலைமுறை வரையிலான இன்டெல் பிராசஸர்களின் கிராஃபிக்ஸால் அவற்றைச் சரியாக விரிக்க முடியாது. மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழுகிறது.

காசு செலவழிக்கும் முன்னால் பிரவுசரில் ஹெச்264-ஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டுப் பாருங்கள். பழைய ஹெச்264 வடிவத்திலேயே அனுப்பச் சொல்லி யூடியூபைக் கேட்கும். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது. கார்டுதான் வாங்குவது என்றால் ஜிடி 1030 விபி9-ஐ விரிக்கும். ஜிடி 710 விரிக்காது. விலை குறைவு என்று 710 வாங்கிவிட்டு அப்புறமும் திக்குகிறது என்று வருபவர்கள் நிறைய.

சரி, ஃபோட்டோஷாப்பும் கொஞ்சம் கேமும் ஓடணும். எந்தக் கார்டு போடலாம்?

முதலில் எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும், அதை விடுங்கள். கீழே கட்டத்தில் 12 வோல்ட் வரிக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 16, அதாவது 192 வாட். கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைக்கப்போவது அவ்வளவுதான். கேபினட்டோடு சும்மா வந்த எஸ்எம்பிஎஸ்களில் இந்தக் கதை சகஜம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக ஒரு கார்டு அதிகபட்சம் 75 வாட் எடுக்கலாம். அதற்குள் அடங்கும் கார்டுக்குத் தனி பவர் கேபிள் தேவையில்லை: ஜிடி 1030 30 வாட், ஆர்எக்ஸ் 550 50 வாட், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 75, ஜிடிஎக்ஸ் 1650 75. (1650இல் சில கம்பெனி மாடல்களில் மட்டும் தனி பவர் கேபிளுக்கான 6 பின் முனை இருக்கும், பார்த்து வாங்குங்கள்.) ஐ5-3470 போன்ற பிராசஸர் 77 வாட், கார்டு 75, டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் சேர்ந்து 50 என்று வைத்தால் மொத்தம் 200 வாட் சுற்றி வரும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியராவது தரும் நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்தால் நிம்மதி.

எங்கள் கருத்தைக் கேட்டால், மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ5 சிஸ்டத்துக்கு 1050 டிஐ அல்லது 1650 போதும். அதற்கு மேல் போனால் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்ற வேண்டும், பிராசஸரும் ஈடு கொடுக்காது.

வாங்கின கார்டுல 6 பின் கேக்குது, என் எஸ்எம்பிஎஸ்ல அந்த ஒயர் இல்ல. கன்வர்ட்டர் போடலாமா?

டிஸ்க்குக்குப் பவர் தரும் சாட்டா ஒயரிலிருந்து 6 பின்னுக்கு மாற்றும் கன்வர்ட்டரைத் தொடவே தொடாதீர்கள். சாட்டா பவர் பின்னின் 12 வோல்ட் பக்கம் 4.5 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது, அதாவது 54 வாட். 6 பின் கேட்பது 75 வரை. பிளாஸ்டிக் உருகிக் கருகிய கன்வர்ட்டர்கள் சர்வீஸ் மேசைக்கு வருவது அதனால்தான்.

பழைய நாலு முனை மோலெக்ஸ் இரண்டை, தனித்தனி ஒயரிலிருந்து எடுத்துச் சேர்க்கும் கன்வர்ட்டர் ஓரளவு தாங்கும். ஆனால் 6 பின் ஒயரே கொடுக்காத எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டுக்காகச் செய்யப்பட்டதில்லை. அதை மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்டுல சின்ன டெல் ஆப்டிபிளெக்ஸ் வாங்கினேன். அதுல கார்டு போக மாட்டேங்குது.

ஆபீஸிலிருந்து வரும் இந்தச் சின்னக் கேபினட்களுக்குப் பாதி உயரக் கார்டுதான் போகும். வாங்கும்போது லோ புரொஃபைல் என்று கேளுங்கள், அதற்கான குட்டைத் தகடும் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். 1030, 1050 டிஐ, 1650 மூன்றிலும் இந்த வகை உண்டு. கார்டு ஒரு ஸ்லாட் தடிமனா, இரண்டு ஸ்லாட்டா என்பதும் முக்கியம். பின்பக்கத் தகட்டிலிருந்து டிஸ்க் கூடு வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போய் வாங்கிவிட்டு, இங்கே வந்து அரை இன்ச் இடிக்கிறது என்றால் மாற்ற இன்னொரு நாள் போய்விடும்.

பவர் விஷயத்தில் ஆப்டிபிளெக்ஸ் 7010 சின்ன மாடலுக்கு 240 வாட், 9020 சின்ன மாடலுக்கு 255 வாட் எஸ்எம்பிஎஸ். 75 வாட்டுக்குள் இருக்கும் கார்டோடு நின்றுவிடுங்கள். 9020இல் போர்டுக்குப் போகும் கனெக்டரே 8 பின், டெல்லுக்கு மட்டும் உரியது. கடையில் கிடைக்கும் 24 பின் எஸ்எம்பிஎஸ் நேராகச் சேராது.

என் மானிட்டர்ல விஜிஏ மட்டும்தான் இருக்கு. கார்டுல அந்த ஓட்டையே இல்லியே?

என்விடியா 2016இல் கொண்டுவந்த 10 வரிசையிலிருந்து விஜிஏ சிக்னலை விட்டுவிட்டது. 1050 டிஐ-யில் இருக்கும் வெள்ளை டிவிஐ முனையை உற்றுப் பாருங்கள்: ஒரு பக்கம் தட்டையான ஒரு கீறல் மட்டும் இருக்கும், அதைச் சுற்றி நான்கு சின்னத் துளைகள் இருக்காது. அந்த நான்கு துளைகள் இருந்தால்தான் விஜிஏ சிக்னல் வரும். அவை இல்லாத இடத்தில் மலிவான டிவிஐ-விஜிஏ கனெக்டர் உள்ளேயே போகாது.

எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-க்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர் வேலை செய்யும். இரண்டு பக்கமும் முனை வைத்த வெறும் ஒயர் வேலை செய்யாது, பார்க்க அது கன்வர்ட்டர் மாதிரியே இருந்தாலும்.

நானே மாட்டலாமா? ஷாக் அடிக்குமா?

தாராளமாக மாட்டலாம். முதலில் பழைய டிரைவரை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஏஎம்டி-யிலிருந்து என்விடியாவுக்கோ, திருப்பியோ மாறினால் சேஃப் மோடில் போய் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளால் சுத்தமாகத் துடைப்பது நல்லது. பிறகு ஷட் டவுன், பவர் கேபிளைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சமிருக்கும் கரன்ட் இறங்கிவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள்.

ஸ்லாட்டுக்கு நேராக இருக்கும் தகரப் பட்டையை எடுங்கள். கார்டின் இரண்டு முனையையும் சமமாக அழுத்தினால் ஸ்லாட் கோடியில் இருக்கும் கொக்கி 'டக்' என்று விழும். அது விழாவிட்டால் கார்டு முழுசாக உட்காரவில்லை. தகட்டை ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். ஸ்குரூ இல்லாமல் விட்டால் கார்டின் எடையும் எச்டிஎம்ஐ கேபிளின் எடையும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஆறு மாதம் கழித்து டிஸ்ப்ளே போய் போய் வரும். கடைசியாக மானிட்டர் கேபிளைப் புதுக் கார்டில் சொருகுங்கள்.

மாட்டியாச்சு. ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல!

முதலில் கேபிள். இன்னும் போர்டு பக்கமே சொருகியிருந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அடுத்து, கார்டை அழுத்தும்போது பக்கத்திலிருக்கும் ரேம் லேசாகத் தூக்கியிருக்கலாம். ரேமைக் கழற்றி மாட்டுங்கள். 6 பின் உள்ள கார்டு என்றால் அந்த ஒயர் சொருகியிருக்கிறதா என்று பாருங்கள். பீப் சத்தம் ஒரு நீளம், இரண்டு குட்டை என்று வந்தால் பல போர்டுகளில் அதற்கு டிஸ்ப்ளே பிரச்சினை என்றே பொருள்.

இதெல்லாம் சரி என்றால் புதுக் கார்டைக் கழற்றிவிட்டு, போர்டு டிஸ்ப்ளேயில் பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போங்கள். முதல் டிஸ்ப்ளே எது என்ற இடத்தில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வைத்துச் சேமியுங்கள். 2012க்கு முந்தைய கார்டை யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை பயாஸ் உள்ள போர்டில் போடுகிறீர்கள் என்றால், பழைய முறைக்கு இடம் கொடுக்கும் சிஎஸ்எம் என்பதை ஆன் செய்ய வேண்டும். இதற்கு நேர்மாறாக, பழைய பயாஸ் போர்டில் ரொம்பப் புதிய கார்டைப் போட்டால் சில சமயம் எது செய்தாலும் படம் வராது. போர்டு கம்பெனி பயாஸ் அப்டேட் கொடுத்திருந்தால் அதை முதலில் போட்டுப் பாருங்கள்.

கார்டு மாத்தினதுல இருந்து கேம் ஆடுறப்ப யூபிஎஸ் கத்திட்டு ஆஃப் ஆகுது.

600 விஏ என்று எழுதிய யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும், அதுவும் பேட்டரி புதுசாக இருந்தால். இரண்டு மூன்று வருடம் போன பேட்டரி 200 வாட் சுமையிலேயே மூச்சு வாங்கும். பேட்டரியை மாற்றுங்கள்; பிரிண்டரை, அதிலும் லேசர் பிரிண்டரை, யூபிஎஸ்ஸில் சொருகவே கூடாது.

தேவனாம்பட்டினத்துல பீச் பக்கம் வீடு. கார்டு ஓரமெல்லாம் துருப்பிடிக்குது. என்ன பண்றது?

உப்புக் காற்று பின்பக்கத் தகட்டையும் ஸ்குருவையும் முதலில் பிடிக்கும். தகட்டில் துரு இருப்பது பார்க்கத்தான் அசிங்கம். ஸ்லாட்டுக்குள் போகும் தங்கநிறப் பற்களில் பச்சையோ கறுப்போ படிந்தால்தான் டிஸ்ப்ளே விட்டு விட்டு வரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு இல்லாத துணியில் நனைத்து, பற்களின் நீளவாக்கில் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்ப்பது நம் பக்கம் பழக்கம்; அடிக்கடி தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும், தூளும் ஸ்லாட்டுக்குள் விழும்.

கேபினட்டை ஜன்னலோரம் வைக்காதீர்கள், மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டாதீர்கள். முத்தியால்பேட்டை, வீராம்பட்டினம், முதுநகர் என்று கடலுக்குக் கிட்ட இருக்கும் எந்த வீட்டுக்கும் இதே பதில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரத்தில் ஓரிரு நாளாவது சிஸ்டத்தை ஆன் செய்து வைத்தால் உள்ளே ஈரம் தங்காது.

ஃபெஞ்சல் வெள்ளத்துல சிபியு முழுகிடுச்சு. கார்டை எடுத்து வேற சிஸ்டத்துல போடலாமா?

2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் முழுகிய சிஸ்டங்கள் பற்றி இன்னும் கேட்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் ஆன் செய்து பார்க்காமல் இருந்திருந்தால் கார்டுக்கு வாய்ப்பு உண்டு. ஃபேனையும் ஹீட் சிங்க்கையும் கழற்றி, பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரால் சேறு போகக் கழுவி, மேலே சொன்ன ஆல்கஹாலால் அலசி, நிழலில் காற்றுப் படும்படி மூன்று நாள் காயவிடுங்கள். சிப் மேல் புது தெர்மல் பேஸ்ட் தடவித்தான் திரும்ப மாட்ட வேண்டும். சிப்களின் சின்னச் சின்னக் கால்களில் பச்சை பூத்திருந்தால் விட்டுவிடுங்கள். முழுகிய எஸ்எம்பிஎஸ்ஸைக் காயவைத்துப் போடவே போடாதீர்கள், அது உயிர் விஷயம்.

சண்டே மார்க்கெட்லயும் ஆன்லைன்லயும் 1050 டிஐ ரொம்ப சீப்பா வருது. வாங்கலாமா?

பெயரை மாற்றி எழுதிய கார்டுகள் நிறையப் புழங்குகின்றன. 2010, 2011இல் வந்த ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளுக்குள் இருக்கும் பயாஸை மாற்றி 1050 டிஐ என்று காட்ட வைப்பார்கள். டிவைஸ் மேனேஜரும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் பல போலிகளைப் பிடித்துப் பெயருக்கு முன்னால் ஃபேக் என்று போடும். உண்மையான 1050 டிஐ-யில் ஷேடர் (சிப்பில் கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கை 768, அதையும் பாருங்கள். விஜிஏ முனை இருக்கும் 1050 டிஐ என்றாலே சந்தேகப்படுங்கள், காரணம் மானிட்டர் கேள்வியில் இருக்கிறது.

சண்டே மார்க்கெட் நடக்கும் புதுச்சேரி காந்தி வீதி நடைபாதையில் ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே சிஸ்டத்தில் மாட்டி, கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பத்து பதினைந்து நிமிடம் ஓட்டிக் காட்டுபவரிடம் மட்டும் வாங்குங்கள். திரையில் புள்ளி, கோடு வரக்கூடாது, வெப்பம் 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகக்கூடாது.

ஆர்எக்ஸ் 580 இவ்வளவு கம்மியா கிடைக்குதே?

பல கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓய்வில்லாமல் ஓடியவை. அதோடு 2048எஸ்பி என்ற வகையும் கலந்து வருகிறது. முழு 580-க்கு ஷேடர் 2304, இதற்கு 2048. மின்சாரம் 185 வாட், ஆக எஸ்எம்பிஎஸ் கணக்கைத் திரும்பப் போடுங்கள். பி106-100 என்று யாராவது கொடுத்தால், அது மைனிங்குக்கென்றே செய்தது, மானிட்டர் முனையே கிடையாது.

பழசு எதுக்கு, புதுசா வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, இன்டெல் ஆர்க் வாங்கிடலாமே?

பழைய போர்டில் இவை அடி வாங்கும். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் ஸ்லாட்டின் 16 பாதைகளில் 4-ஐ மட்டும் பயன்படுத்துகின்றன. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 போர்டில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி, 3.0-ல் 4 ஜிபி, 2.0-ல் 2 ஜிபிதான். எச்81 போர்டில் நான்காம் தலைமுறை பிராசஸர் போட்டிருந்தாலும் ஸ்லாட் 2.0தான் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் கவனிக்க: இந்த இரண்டு கார்டிலும் வீடியோவைச் சுருக்கி எழுதும் என்கோடர் கிடையாது. எக்ஸ்போர்ட் முழுக்கப் பிராசஸர்தான் செய்யும். ஜிடி 1030லும் அது இல்லை. 1050 டிஐ, 1650 இரண்டிலும் உண்டு.

ஆர்க் கார்டுகளுக்கு, கார்டின் முழு மெமரியையும் பிராசஸர் நேராக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் வேண்டும். இன்டெல் சொல்லும் கணக்கில் பத்தாம் தலைமுறையிலிருந்துதான் அது. பழைய சிஸ்டத்தில் ஓடும், ஆனால் கொடுத்த காசுக்கு ஓடாது.

1050 டிஐ-க்கு டிரைவர் நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே? கார்டு போட்டா விண்டோஸ் 11 ஏறுமா?

900 வரிசைக்கும், 1050 டிஐ அடங்கிய 10 வரிசைக்கும் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று அறிவித்திருக்கிறது. இருக்கும் டிரைவரில் கார்டு வழக்கம்போல ஓடும். 1650 அடுத்த தலைமுறை, அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் 1650 எடுங்கள்.

விண்டோஸ் 11 கேட்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். கார்டு மாற்றுவதால் அது வராது.

திரையில கலர் கலரா கோடு வருது. ஹீட் கன் வெச்சு சூடு காட்டினா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்றார்.

முதலில் கேபிளையும் மானிட்டரையும் மாற்றிப் பாருங்கள். பயாஸ் திரையிலேயே கோடு வந்தால் கார்டுதான். விண்டோஸ் போன பிறகு மட்டும் வந்தால் டிரைவரைத் துடைத்துப் போடுங்கள். கேம் ஆடும்போது மட்டும் வந்தால் தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றி, ஜிபியு-இசட்டில் வெப்பத்தைப் பாருங்கள். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது அடைத்துப்போன ஃபேனால் ஒன்றும் செய்ய முடியாது.

சூடு காட்டிய கார்டு சில நாள் அல்லது சில வாரம் ஓடிவிட்டு மறுபடி அதே கோட்டைக் காட்டும். உள்ளே விட்டுப்போன இணைப்பு தற்காலிகமாக ஒட்டுகிறது, அவ்வளவே. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரைப் போர்டு டிஸ்ப்ளேயில் சொருகி வேலையைப் பாருங்கள். இன்டெல் பிராசஸர் பெயர் எஃப் என்ற எழுத்தில் முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் இருக்காது. அப்போது வேறு கார்டு வரும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.